நெல் மரபியல் விஞ்ஞானியின் ஆய்வுத் தாக்கம்: எச்-இன்டெக்ஸைத் தாண்டி எதைக் காட்டுவது?

நாற்றங்கால் (கேள்வி):

வணக்கம். நெல் மரபியலில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்த ஒரு விஞ்ஞானியின் ஆய்வுத் தாக்கம் பற்றி நான்கு பக்கக் குறிப்பு தயாராகிறது. ஒரு விருதுக் குழுவுக்குப் போக வேண்டியது. அந்தக் குழுவில் பயிர்க்காரர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் இயற்பியல், மருத்துவம், வேதியியல்.

கையில் இருப்பவை இவை. கட்டுரைகள் 140 சொச்சம். எச்-இன்டெக்ஸ் (மேற்கோள்களை வைத்து ஆய்வாளருக்குப் போடும் எண்) கூகுள் ஸ்காலரில் 34, ஸ்கோபஸில் 23; இரண்டும் மேற்கோள்களை எண்ணும் தளங்கள். அதிக மேற்கோள் வாங்கிய கட்டுரையில் அறுபதுக்கு மேல் ஆசிரியர்கள், இவர் பெயர் நடுவில். மூன்று ரகங்களின் வெளியீட்டில் பெயர் உண்டு. அதில் ஒன்று, ஏற்கெனவே பரவியிருந்த ரகத்தில் வெள்ளம் தாங்கும் சப்1 மரபணுவைப் பிற்கலப்பு (கலப்பில் வந்த செடியைப் பழைய ரகத்தோடேயே திரும்பத் திரும்பக் கலப்பது) மூலம் ஏற்றியது. வேறொரு பண்புக்கு ஒரு க்யூடிஎல் (அளவிடக்கூடிய பண்பைப் பாதிக்கும் குரோமோசோம் பகுதி) கண்டறிந்த கட்டுரை, இரண்டு மரபுவளப் பதிவுகள் (சிறப்புப் பண்புள்ள விதை வரிசைகளைப் பதிவு செய்தது).

34, 23 இரண்டில் எதைப் போடுவது? ரகங்கள் வயலில் என்ன செய்தன என்பதை எந்த ஆவணத்தை வைத்துச் சொல்வது? அறுபது பேர் சேர்ந்து செய்ததில் இவர் பங்கு எவ்வளவு என்று எப்படி எழுதுவது? மற்ற துறைக்காரர்கள் படித்ததும் "23தானா" என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாது, அதுதான் கவலை.

மேற்கோள்கணக்கு:

34க்கும் 23க்கும் உள்ள இடைவெளி வழக்கமானதுதான். ஸ்காலர் ஆய்வேடு, மாநாட்டு மலர், பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றி வைத்த பிடிஎஃப் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணும். ஸ்கோபஸ் தன் பட்டியலில் உள்ள வெளியீடுகளை மட்டும் எண்ணும். இரண்டையும் போடுங்கள், எந்தத் தேதியில் எடுத்தது என்பதோடு. ஒன்றை மட்டும் போட்டால் குழுவில் யாராவது போனில் மற்றதைத் தேடிப் பார்த்துவிட்டுச் சந்தேகப்படுவார்கள்.

ஆனால் எண்ணைப் போடுவதற்கு முன் அந்த 23 சரியா என்று பாருங்கள். தமிழ்ப் பெயர்களில் இது பெரிய தலைவலி. நமக்கு முன்னெழுத்துதான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. ஒரு இதழ் தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராக வைக்கும், இன்னொன்று சொந்தப் பெயரை வைக்கும், மூன்றாவது முன்னெழுத்தை விரித்து எழுதும். விளைவு, ஒரே ஆள் ஸ்கோபஸில் மூன்று நான்கு ஆசிரியர் அடையாள எண்களாகச் சிதறிக் கிடப்பார். இதற்கு நேர்மாறாக, பொதுவான பெயராக இருந்தால் வேறொருவரின் கட்டுரை இவர் கணக்கில் ஏறியிருக்கும். ஆகவே முதலில் அவருடைய சொந்தக் கட்டுரைப் பட்டியலை வரிசையாக எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றையும் நிறுவனப் பெயர், உடன் எழுதியவர் பெயர் இரண்டையும் வைத்துச் சரிபாருங்கள். சிதறிய அடையாளங்களைச் சேர்க்கச் சொல்லி ஸ்கோபஸுக்கே விண்ணப்பிக்கலாம். உடனே நடக்காது, எனவே இன்றே அனுப்புங்கள். ஸ்காலரில் ஒரே கட்டுரை இரண்டு முறை வந்திருந்தால் இணைத்துவிடுங்கள், அந்நியக் கட்டுரைகளை நீக்குங்கள். இதைச் செய்த பிறகு 34 குறையவும் 23 கூடவும் வாய்ப்பு உண்டு.

அடுத்தது எச்-இன்டெக்ஸ் எதைச் சொல்லாது என்பது. 23 என்றால் 23 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 23 முறை மேற்கோள் ஆகியிருக்கின்றன. 24 முறை மேற்கோள் ஆன கட்டுரைக்கும் 3,000 முறை ஆன கட்டுரைக்கும் அதில் ஒரே மதிப்பு. ஆள் ஓய்வு பெற்றாலும் எண் இறங்காது. 2005இல் இதை முன்வைத்த ஹிர்ஷ் ஓர் இயற்பியலாளர்தான், ஆகவே உங்கள் குழுவின் இயற்பியல்காரர்களுக்கு இதன் குறை தெரிந்திருக்கும். துறை விட்டுத் துறை ஒப்பிடக் கூடாது என்று ஒரு வரி எழுதினால் போதும், நீண்ட விளக்கம் வேண்டாம்.

ஒப்பீடு தேவை என்றால் துறைச்சராசரிப்படி திருத்திய மேற்கோள் விகிதத்தைப் போடுங்கள். அதே துறை, அதே ஆண்டு, அதே வகைக் கட்டுரை வாங்கும் உலகச் சராசரி 1.00. ஒரு எச்சரிக்கை: அந்த அறுபது பேர் கட்டுரை ஒன்றே சராசரியைத் தூக்கிக் காட்டிவிடும். அதைச் சேர்த்து ஒரு எண், விட்டுவிட்டு ஒரு எண், கூடவே நடுமதிப்பு. மூன்றும் ஒரே வரியில் வரட்டும். நீங்களே விட்டுக்காட்டினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

இனி உண்மையான வேலை. அதிகம் மேற்கோள் ஆன 15 கட்டுரைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் பத்துப் பதினைந்தைத் திறந்து, இவர் பெயர் எந்தப் பகுதியில் வருகிறது என்று பாருங்கள். முன்னுரையில் அடைப்புக்குறிக்குள் ஆறு பேரோடு ஏழாவதாக வந்தால் அது மரியாதைக்கு. செய்முறைப் பகுதியில் "இந்த மார்க்கரைப் பயன்படுத்தினோம்", "இந்த வரிசைச் செடியைத் தாயாக வைத்தோம்" என்று வந்தால் அது பயன்பாடு. நெல்லில் 2002இல் 2,240 எஸ்எஸ்ஆர் மார்க்கர்களை, அதாவது ரகத்துக்கு ரகம் மாறும் டிஎன்ஏ அடையாளங்களை, வெளியிட்ட கட்டுரையை நினைத்துப் பாருங்கள்: ஆர்எம் என்று தொடங்கும் பிரைமர் (அந்த அடையாளத்தைப் படிக்க உதவும் சிறு டிஎன்ஏ துண்டு) வாங்கிய ஆய்வகமெல்லாம் அதைச் செய்முறையில் சொல்லித்தான் ஆக வேண்டும். அது கருவி. ரக வெளியீடு அப்படியில்லை; பல லட்சம் ஏக்கரில் நின்றாலும் யாரும் கட்டுரையில் மேற்கோள் காட்ட மாட்டார்கள். இந்த ஒரு முரணைச் சொன்னால் குழுவுக்குப் புரியும்.

அறுபது பேர் கட்டுரைக்கு: கடைசிப் பக்கத்தில் ஆசிரியர் பங்களிப்புக் குறிப்பு இருந்தால் அதை அப்படியே எடுத்துப் போடுங்கள். பழைய கட்டுரையாக இருந்து குறிப்பு இல்லையென்றால், அவர் கையால் நடந்தது என்ன என்று ஒரு வாக்கியம் கேட்டு வாங்குங்கள். வயல் அளவீடா, டிஎன்ஏ மாதிரியா, புள்ளியியலா? "பங்கேற்றார்" என்பது பதில் அல்ல.

நீலஅட்டை:

ரகத்துக்கான ஆவணங்களைப் பற்றி நான் சொல்றேன், மேலே சொன்னதுல எனக்கு வேலை இல்லை.

முதல்ல அரசிதழ். விதைச் சட்டம் 1966, பிரிவு 5படி அறிவிக்கை ஆன ரகத்துக்கு மட்டும்தான் சான்று விதை போட முடியும். அறிவிக்கை எண்ணும் தேதியும் இல்லாம "ரகம் வெளியிட்டார்"னு எழுதுனா அதுக்கு மதிப்பு இல்லை. அதுக்கு முன்னாடி, 1965ல தொடங்குன அகில இந்திய ஒருங்கிணைந்த நெல் மேம்பாட்டுத் திட்டத்துல அந்த வரிசை (ரகம் ஆகறதுக்கு முந்தின நிலையில இருக்கிற விதை வழி) எத்தனை வருஷம், எத்தனை இடத்துல, எந்த ஒப்பீட்டு ரகத்தோட சோதிக்கப்பட்டுச்சுன்னு ஆண்டறிக்கையில இருக்கும். மாநில வெளியீடா மத்திய வெளியீடா என்பதையும் பிரிச்சுச் சொல்லுங்க.

ரெண்டாவது, வல்லுநர் விதைத் தேவைப்பட்டியல். வல்லுநர் விதைங்கிறது ரகத்தை உருவாக்குன நிலையம் தர்ற முதல் விதை; அதுல இருந்து ஆதார விதை, அதுல இருந்து விவசாயிக்குப் போகிற சான்று விதை. ஒவ்வொரு வருஷமும் மாநிலங்களும் விதைக் கழகங்களும் எந்த ரகத்துல எத்தனை குவிண்டால் வல்லுநர் விதை வேணும்னு கேட்கிறாங்க. ஒரு ரகம் உயிரோட இருக்கா செத்துப்போச்சான்னு பார்க்க இதைவிட நேர்மையான எண் எனக்குத் தெரிஞ்சு இல்லை. வெளியிட்ட வருஷத்துல 20 குவிண்டால், அஞ்சாவது வருஷம் 2, அப்புறம் பூஜ்யம்னு போகிற ரகங்கள்தான் அதிகம். பத்து வருஷம் தாண்டியும் தேவை இருந்தா அதுதான் தலைப்பு.

அந்தக் குவிண்டாலைப் பரப்பா மாத்துறது இப்படி. நெல்லுக்கு விதைப் பெருக்க விகிதம் 1:80னு வைக்கிறது வழக்கம். 1 குவிண்டால் வல்லுநர் விதை 80 குவிண்டால் ஆதார விதை ஆகும். அது 6,400 குவிண்டால் சான்று விதை ஆகும். ஹெக்டேருக்கு 60 கிலோ விதைன்னா 10,600 ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேல. காகிதத்துல அழகா இருக்கும். இப்போ ஒவ்வொரு கட்டத்துலயும் 60 சதவீதம்தான் விதையா தேறுதுன்னு வைங்க. 80 இடத்துல 48. அடுத்த கட்டத்துல 48ஐ 48ஆல பெருக்கினா 2,304 குவிண்டால். பரப்பு 3,840 ஹெக்டேர். மூணுல ஒரு பங்குக்கு வந்துடுச்சு பாருங்க. அதனால பெருக்கிக் காட்டாதீங்க. முடிஞ்சா சான்றளிப்புத் துறையில அந்த ரகத்துக்குச் சான்று தந்த அளவையே வாங்கிடுங்க.

அதுலயும் ஓட்டை உண்டு. கேட்ட அளவு உற்பத்தி ஆகாது. உற்பத்தி ஆனது எல்லாம் விற்காது. வயல்ல நெல்லுக்கு 3 மீட்டர் தனிமைத் தூரம் இல்லைன்னா, கலவன் (வேற ரகச் செடி) அளவுக்கு மேல தெரிஞ்சா, வயலாய்வுலயே தள்ளுபடி. அறுத்த பிறகு முளைப்பு 80க்குக் கீழ, புறத்தூய்மை 98க்குக் கீழ, ஈரம் 13க்கு மேல போனா ஆய்வகத்துல தள்ளுபடி. தப்பிச்சதுக்குத்தான் மூட்டை வாயில நீல அட்டை தைக்கிறது: ரகம், குவியல் எண், சோதனைத் தேதி, சோதனையிலிருந்து 9 மாசக் காலக்கெடு. வல்லுநர் விதைக்கு மஞ்சள், ஆதார விதைக்கு வெள்ளை. சான்று அட்டை இல்லாம, விற்கிறவரே தரத்துக்குப் பொறுப்பேத்து "உண்மைநிலை விதை"யா போகிறது தனி. அது சான்றளிப்புக் கணக்குல வராது.

இன்னொண்ணு, சான்று விதைக் கணக்கு அந்த வருஷம் புதுசா உள்ளே வந்த பரப்பைத்தான் காட்டும். விவசாயி அதுல விளைஞ்சதையே எடுத்து அடுத்த ரெண்டு மூணு பட்டம் விதைப்பார். விதை மாற்று விகிதம் (புது விதை வாங்கி விதைக்கிற பரப்போட பங்கு) மூணுல ஒண்ணுன்னா, நிக்கிற பரப்பு இதைப்போல மூணு மடங்கு வரைக்கும் இருக்கலாம். ரெண்டு பக்கமும் தப்பு வருதுங்கிறதால ஒற்றை எண் போடாம "இதற்கும் இதற்கும் இடையில்"னு போடுங்க.

விவசாயிகிட்ட நேரா கேட்டு எடுத்த கணக்குன்னா பேரைப் பாருங்க. பிபிடி 5204 நம்ம பக்கம் ஆந்திரா பொன்னி, வேற ஊர்ல சம்பா மசூரி. சிஆர் 1009ஐப் பொன்மணின்னும் சொல்வாங்க, சாவித்திரின்னும் சொல்வாங்க. "சிஆர் போட்டிருக்கேன்"னு சொன்னா அது பழைய 1009ஆ, சப்1 சேர்த்த 1009ஆன்னு பயிரைப் பார்த்துச் சொல்ல முடியாது. இலை எடுத்து மார்க்கர் ஓட்டினாத்தான் தெரியும். உங்க ஆளோட ரகமும் அந்த வகைங்கிறதால இதைக் கட்டாயம் கேளுங்க.

பிற்கலப்பு:

சப்1 ரகம் என்பதால் எது யாருடைய தாக்கம் என்று பிரிப்பதில் கவனம் தேவை. இந்த மரபணுவின் கதையே அதற்கு நல்ல உதாரணம்.

மூலம் எஃப்ஆர்13ஏ, ஒடிசாவின் நாட்டு ரகத்திலிருந்து தேர்ந்தெடுத்தது. வெள்ளம் தாங்கும், விளைச்சலும் அரிசியும் மோசம். 1996இல் 9ஆம் குரோமோசோமில் இடம் குறித்தார்கள் (ஷூ, மக்கில்). 2006இல் மரபணுவே கையில் வந்தது: சப்1ஏ, எத்திலீன் சமிக்ஞைக்கு வேலை செய்யும் வகை, மக்கில், பமீலா ரொனால்டு குழுக்களின் நேச்சர் கட்டுரை. 2009இல் இந்தியாவில் சொர்ணா-சப்1 வெளியீடு. இடம் குறித்ததிலிருந்து ரகம் வரை 13 வருடம். "கடந்த ஐந்து ஆண்டுத் தாக்கம்" என்று ஒரு கட்டம் படிவத்தில் இருந்தால் நெல் மரபியலில் அது பெரும்பாலும் பத்து வருடத்துக்கு முன் செய்த வேலையின் பலன் என்று அடிக்குறிப்பு போடுங்கள்.

இந்தச் சங்கிலியில் உங்கள் விஞ்ஞானி எந்தக் கண்ணி? பிற்கலப்புதான் என்றால் அதை வெட்கப்படாமல் எழுதுங்கள், ஆனால் "வெள்ளம் தாங்கும் மரபணுவைக் கண்டுபிடித்தார்" என்ற தொனி எங்கும் வரக் கூடாது. பிற்கலப்பும் சும்மா வேலை இல்லை. முதல் பிற்கலப்பில் மூல ரகத்தின் (மரபணுவை ஏற்றிக்கொள்ளும் பழைய ரகத்தின்) பங்கு சராசரி 75 சதவீதம், இரண்டாவதில் 87.5, மூன்றாவதில் 93.75. சராசரிதான், செடிக்குச் செடி மாறும். மரபணு இருக்கிறதா என்று ஒரு மார்க்கர், அதன் இரு பக்கமும் கொடையாளியின் (மரபணுவைத் தந்த ரகத்தின்) துண்டு நறுக்கப்பட்டதா என்று பக்க மார்க்கர்கள், மற்ற 11 குரோமோசோம்களிலும் மூல ரகம் திரும்பியதா என்று பின்னணி மார்க்கர்கள். பக்கத் துண்டை நறுக்குவதில்தான் பலர் கோட்டை விடுவார்கள், ஏனென்றால் அதற்கு நிறையச் செடி வேண்டும். சொர்ணாவையே பாருங்கள்: அதன் உமி பொன்பழுப்பு, சொர்ணா-சப்1இன் உமி வைக்கோல் நிறம். உமி நிறத்தைத் தீர்மானிக்கும் இடம் சப்1க்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதுவும் கூடவே வந்துவிட்டது. விளைச்சலை அது கெடுக்கவில்லை, ஆனால் நெல் வாங்குபவர் கையில் அள்ளியதுமே வித்தியாசம் தெரிந்துவிடும். உங்கள் ரகத்துக்குப் பின்னணி மீட்சி எத்தனை சதவீதம், எத்தனை மார்க்கரில் பார்த்தது, கொடையாளித் துண்டு எவ்வளவு நீளம் என்ற மூன்று எண்ணும் குறிப்பில் இருந்தால் துறைக்காரர் இரண்டு பேரும் தலையாட்டுவார்கள்.

பலனைக் கணக்கிடும்போது பரப்பு முழுவதையும் பலன் என்று போடாதீர்கள். சப்1 பயிரை வளர வைப்பதில்லை, அடக்கி வைக்கிறது: மூழ்கியதும் நீட்சியை நிறுத்தி மாவுச்சத்தைச் சேமிக்கிறது, தண்ணீர் வடிந்ததும் அதை வைத்துத் துளிர்க்கிறது. ஆகவே இரண்டு வாரம் போல முழுதாக மூழ்கி வடியும் வயலுக்குத்தான் பலன். முழங்கால் தண்ணீர் மாதக்கணக்கில் வடியாமல் தேங்கும் வயலில் பயிர் நீண்டு வெளியே வர வேண்டும். அங்கே சப்1 உதவாது. வெள்ளமே வராத வயலில் மூல ரகம் என்ன தருமோ அதையேதான் தரும். எனவே பலன் என்பது பரப்பு அல்ல, மூழ்கிய பரப்பைப் பாழாகாமல் தப்பிய டன்னால் பெருக்குவது. ஒடிசாவில் விவசாயிகளுக்குக் குலுக்கல் முறையில் விதை கொடுத்து நடத்திய ஆய்வு 2013இல் வெளிவந்தது. 10 நாள் மூழ்கிய வயலில் சொர்ணாவைவிடச் சொர்ணா-சப்1 ஏறத்தாழ 45 சதவீதம் கூடுதல் என்று கண்டது. அதே வயல்களைத் தொடர்ந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: வெள்ளப் பயம் குறைந்ததும் விவசாயிகள் உரத்துக்கும் நடவுக்கும் கூடுதலாகச் செலவு செய்தார்கள். பயிர் விஞ்ஞானத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது செய்திதான் அதிகம் பிடிக்கும்.

நாற்றங்கால்:

மூவருக்கும் நன்றி. பெயர்ச் சிதறல் உண்மைதான். ஸ்கோபஸில் இரண்டு அடையாளங்கள் கிடைத்தன, சேர்க்க எழுதியாகிவிட்டது.

இன்னும் இரண்டு சந்தேகம். மற்ற இரண்டு ரகங்கள் சாதாரணக் கலப்பில் வந்தவை; ஒரு பெற்றோர் வேறு நிலையத்தின் ரகம். பெருமையைப் பங்கு போட ஏதாவது ஒப்புக்கொண்ட கணக்கு உண்டா? பிறகு அந்த க்யூடிஎல் கட்டுரை. 90 முறை மேற்கோள் ஆகியிருக்கிறது. அதை வலுவான தாக்கம் என்று போடலாமா?

வம்சாவளி:

பங்குக்கு வேளாண் பொருளியலில் ஒரு வடிவியல் விதி உண்டு. கடைசிக் கலப்பைச் செய்தவருக்குப் பாதி. பெற்றோரை உருவாக்கியவர்களுக்குக் கால், அதாவது தலைக்கு எட்டில் ஒன்று. தாத்தா பாட்டி நால்வருக்கு மிச்சக் கால், அங்கேயே நிறுத்தினால் தலைக்குப் பதினாறில் ஒன்று.

ஐஆர் 20இல் போட்டுப் பாருங்கள். 1969 வெளியீடு. ஒரு பெற்றோர் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஐஆர் 262 வரிசை, மற்றது நம் திரூர்க்குப்பத்தின் டிகேஎம் 6. ஐஆர் 262 வந்தது பீட்டா, தைச்சுங் நேட்டிவ் 1 வழியாக (பிற்கலப்புகளை ஒரே படியாகச் சுருக்கியிருக்கிறேன்). டிகேஎம் 6 வந்தது ஜிஇபி 24, கோ 18 வழியாக. சர்வதேச நிலையத்துக்குப் பாதியும் எட்டில் ஒன்றும், ஆக எட்டில் ஐந்து. டிகேஎம் 6க்கு எட்டில் ஒன்று, ஜிஇபி 24க்கும் கோ 18க்கும் பதினாறில் ஒவ்வொன்று. ஆகத் தமிழ்நாட்டு நிலையங்களுக்குக் கால் பங்கு. மிச்ச எட்டில் ஒன்று பீட்டாவுக்கும் தைச்சுங்குக்கும்.

1912இல் தொடங்கிய கோயம்புத்தூர் நெல் இனப்பெருக்க நிலையத்தில் 1921இல் வந்த ஜிஇபி 24, அரை நூற்றாண்டு கழித்துப் பிற நாடுகளின் வயலுக்குப் போனது இந்த வழியில்தான். எந்த மேற்கோள் பட்டியலிலும் இது இல்லை. உங்கள் விஞ்ஞானியின் ரகங்களோ பதிவு செய்த மரபுவளமோ வேறு நிலையங்களின் கலப்பில் பெற்றோராகப் போயிருக்கிறதா என்று ஒருங்கிணைந்த திட்டத்தின் சோதனைப் பட்டியல்களில் பெற்றோர் பத்தியைத் தேடுங்கள். நாலு இடத்தில் கிடைத்தால் போதும், குறிப்பின் கனம் மாறிவிடும்.

பிற்கலப்பு:

வம்சாவளி சொன்ன கணக்கு சாதாரணக் கலப்புக்குச் சரி. சப்1 ரகத்துக்கு அதைப் போடாதீர்கள், அபத்தமாகிவிடும். 95 சதவீதம் பழைய ரகமாகவே இருக்கும் ஒன்றுக்குக் கடைசிக் கலப்பு செய்தவருக்குப் பாதி என்று வரும். அதற்குக் கூடுதல் பலன் என்ற கணக்குதான்: மூல ரகம் அடிக்கோடு, மூழ்கியபோது தப்பியது மட்டும் புதிது. அந்தக் கூடுதலுக்குள் மரபணுவைக் கண்டவர்களையும் ரகத்தில் ஏற்றியவரையும் பெயரோடு சொல்லிவிடுங்கள், பின்னம் வேண்டாம்.

க்யூடிஎல்லுக்கு 90 மேற்கோள் என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நெல்லில் வெளியான க்யூடிஎல்கள் ஆயிரக்கணக்கில். வயலுக்குப் போனவை விரல்விட்டு எண்ணலாம். கட்டுரையைத் திறந்து வரிசையாகப் பாருங்கள். எத்தனை வரிசைகள் கொண்ட செடித்தொகை? நூறு போல இருந்தால், "30 சதவீத வேறுபாட்டை விளக்குகிறது" என்ற எண் ஊதிப்போயிருக்கும். சிறிய தொகையில் வரம்பைத் தாண்டிப் பிடிபடுவது தற்செயலாகப் பெரிதாகத் தெரிந்தவைதான். லாட் வரம்பு (தற்செயல் இல்லை என்று ஏற்பதற்கான புள்ளியியல் எல்லை) தரவை ஆயிரம் முறை கலைத்துப் பார்த்து வைத்ததா, வெறுமனே 2.5 என்று வைத்ததா? க்யூடிஎல் இருக்கக்கூடிய இடைவெளி எவ்வளவு? நெல்லில் 1 சென்டிமார்கன் (மரபணு வரைபடத்தின் தூர அலகு) சராசரி 2.5 லட்சம் டிஎன்ஏ எழுத்து, ஏறத்தாழ 10,000 எழுத்துக்கு ஒரு மரபணு. 10 சென்டிமார்கன் இடைவெளி என்றால் உள்ளே 250 மரபணு. அது தெரு பெயர் தெரிந்தாயிற்று, வீட்டு எண் தெரியவில்லை என்ற நிலை. அடுத்து, வேறொரு ரகத்தின் பின்னணியில் அதே இடம் வேலை செய்ததா? நெருங்கிய இணைவரிசை (அந்த இடம் தவிர மற்றதெல்லாம் ஒன்றாக உள்ள ஜோடி) செய்து, இருப்பதற்கும் இல்லாததற்கும் வயலில் வித்தியாசம் காட்டியிருக்கிறார்களா? வேறு குழு யாராவது அதே மார்க்கரை வைத்துத் தேர்வு செய்திருக்கிறார்களா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் 9 மேற்கோள் இருந்தாலும் எழுதுங்கள். இல்லையென்றால் 90ஐ ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுங்கள்.

எந்தப் பண்பாக இருந்தாலும் அளவீட்டு முறையையும் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் ஓட்டை. வெள்ளச் சோதனை என்றால் 14 நாள் நாற்று, 14 நாள் முழு மூழ்கல், வடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்துப் பிழைத்ததை எண்ணுவது. தாங்கும் ஒப்பீடு எஃப்ஆர்13ஏ, தாங்காதது ஐஆர் 42. ஐஆர் 42 பாதி பிழைத்திருந்தால் சோதனை மென்மையாகிவிட்டது, எல்லாமே தாங்குவதாகத் தெரியும். எஃப்ஆர்13ஏவும் செத்திருந்தால் தண்ணீர் சூடாகிவிட்டது அல்லது கலங்கி வெளிச்சம் போகவில்லை. ஒப்பீட்டு ரகங்களின் எண் அட்டவணையில் இல்லாத கட்டுரையை நான் நம்புவதில்லை.

சோதனைக்குழாய்:

ஒரு மறுப்பு. எல்லாவற்றையும் ஹெக்டேரில் கொண்டுபோய் முடிக்காதீர்கள். குட்டை நெல் ஐஆர் 8 வயலுக்கு வந்தது 1966. அதைக் குட்டையாக்கிய எஸ்டி1 மரபணு எது என்று தெரிந்தது 2002, மூன்று குழுக்கள் தனித்தனியே: ஜிப்பரெலின் (செடியை உயர வைக்கும் ஹார்மோன்) செய்யும் நொதி ஒன்றின் மரபணுவில் 383 எழுத்து காணாமல் போயிருந்தது. அந்தக் கண்டுபிடிப்பால் அறுபதுகளில் ஒரு நெல்மணிகூடக் கூடவில்லை. ஆனால் குட்டை எப்படி வந்தது என்று தெரிந்ததும், அந்த வெட்டு இருக்கிறதா என்று நாற்றிலேயே பிசிஆரில் பார்த்துவிட முடிகிறது; உயரம் அளக்கக் கதிர் வரும் வரை காத்திருக்க வேண்டாம். இவருடைய கட்டுரைகளில் இந்த மாதிரி "ஏன்" என்பதற்குப் பதில் சொன்னது ஏதாவது இருந்தால் அதற்குத் தனிப் பத்தி கொடுங்கள், பரப்புக் கணக்கோடு கலக்காமல்.

நாற்றங்கால்:

சரி, முதல் பத்தி இப்படி வருகிறது, பார்த்துச் சொல்லுங்கள்:

"இவர் வெள்ளம் தாங்கும் நெல் ரகத்தை உருவாக்கி லட்சக்கணக்கான விவசாயிகளின் வாழ்வை மாற்றினார். இவருடைய கட்டுரைகள் 34 எச்-இன்டெக்ஸ் பெற்றுள்ளன."

மேற்கோள்கணக்கு:

கட்டுரைகள் எச்-இன்டெக்ஸ் பெறாது, ஆள்தான் பெறுவார். இரண்டாம் வாக்கியத்தை மூன்றாம் பக்கத்துக்குத் தள்ளி, இரண்டு எண்ணையும் தேதியோடு போடுங்கள். முதல் பத்தியில் எண் வேண்டாம்.

பிற்கலப்பு:

"வாழ்வை மாற்றினார்" வெட்டு. "உருவாக்கி" என்பதற்குப் பதில்: "ஏற்கெனவே பரவலாக இருந்த இந்த ரகத்தில், எஃப்ஆர்13ஏவிலிருந்து வந்த சப்1 பகுதியை மார்க்கர் துணையோடு மூன்று பிற்கலப்புகளில் சேர்த்த குழுவை வழிநடத்தினார், இத்தனை நாள் மூழ்கிய சோதனைகளில் மூல ரகம் ஹெக்டேருக்கு இத்தனை கிலோவும் இது இத்தனை கிலோவும் தந்தன." காலி இடங்களை அறிக்கை பார்த்து நிரப்புங்கள். அவர் வழிநடத்தவில்லை, மார்க்கர் வேலை மட்டும் பார்த்தார் என்றால் அதையே எழுதுங்கள்.

நீலஅட்டை:

ரகத்தோட பேரை அரசிதழ்ல இருக்கிறபடியே எழுதுங்க, இடைவெளி, கோடு, எண் எதுவும் மாறாம. குழுவுல யாராவது சீட்நெட்ல (அரசோட விதைத் தகவல் தளம்) தேடிப் பார்ப்பாங்க. ஒரு கோடு விட்டுப்போனாலும் "பதிவு இல்லை"ன்னு காட்டும். தேவைப்பட்டியல் எண்களை வருஷவாரியா சின்ன அட்டவணையா கடைசிப் பக்கத்துல வைங்க, குறைஞ்ச வருஷத்தை மறைக்காம. குறைஞ்சதுக்குக் காரணம் தெரிஞ்சா பக்கத்துலயே நாலு சொல்லுல போடுங்க: விதை வயல் மூழ்குச்சா, தள்ளுபடி ஆச்சா, இல்ல வேற ரகம் வந்து தள்ளிடுச்சான்னு.